‘கேஸ் சீரியஸ்’ என்றால் எவ்வளவு சீரியஸ்?

ஆறு நாள் ஐசியூ வாசலில் உட்கார்ந்திருந்தேன். அந்த ஆறு நாளும் மாமாவின் உடல்நிலை பற்றி எங்களுக்குச் சொல்லப்பட்டது ஒரே ஒரு சொல்தான்: ‘சீரியஸ்’. காலையில் கேட்டால் சீரியஸ். சாயங்காலம் கேட்டாலும் சீரியஸ். “நேத்தைக்கு இன்னிக்கு தேவலையா சார்?” என்று அத்தை கேட்டபோது, “சீரியஸாத்தாம்மா இருக்கு, எங்களால முடிஞ்சதப் பாக்குறோம்” என்று சொல்லிவிட்டு டியூட்டி டாக்டர் உள்ளே போய்விட்டார். பில் மட்டும் அப்படி மொட்டையாக வரவில்லை. வென்டிலேட்டருக்கு இவ்வளவு, ரத்தப் பரிசோதனைக்கு இவ்வளவு, கையுறைக்கு இவ்வளவு என்று ஒவ்வொன்றும் பைசா சுத்தமாக எண்ணில் வந்தது.

மாமா என் அம்மாவின் தம்பி. மேலூர் பக்கம் கூலி விவசாயி. வயது 46. காய்ச்சல் வந்த முதல் இரண்டு நாள் மெடிக்கல் ஷாப் மாத்திரை. மூன்றாம் நாள் பக்கத்து ஊரில் ஓர் ஊசி. நான்காம் நாளும் நடவுக்குப் போனார், போகாவிட்டால் அந்த வாரக் கூலி போய்விடும். ஐந்தாம் நாள் இரவு மூச்சு வாங்கியது. உண்ணிக் காய்ச்சல் என்று பிறகு சொன்னார்கள். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் விலை மலிவான மாத்திரையில் குணமாகும் நோய். நள்ளிரவில் அலைந்ததில் வென்டிலேட்டர் காலியாக இருந்தது மதுரைக்கு வெளியே ஒரு தனியார் மருத்துவமனையில். காப்பீட்டு அட்டையை நீட்டினோம், “இந்த நோய்க்கு இங்க வராது” என்றார்கள். 50,000 ரூபாய் முன்பணம் கட்டினோம்.

ஏழாம் நாள் காலை பணம் தீர்ந்தது. அத்தையின் தோடு, என் தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்கு எடுத்து வைத்தது, வட்டிக்கு வாங்கியது எல்லாம் போயிருந்தது. ஒரு தாளை நீட்டினார்கள். மருத்துவரின் ஆலோசனைக்கு மாறாக, எங்கள் சொந்த விருப்பத்தின் பேரில் நோயாளியை அழைத்துச் செல்கிறோம் என்று அதில் இருந்தது. அத்தை கைநாட்டு வைத்தார். ஒருவர் கையால் காற்றுப்பையை அமுக்கிக்கொண்டே வர, ஆம்புலன்ஸில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அங்கே படுக்கையும் கிடைத்தது, வென்டிலேட்டரும் கிடைத்தது. இரண்டாம் நாள் விடியற்காலையில் மாமா இறந்துபோனார்.

இப்போது கணக்கைப் பாருங்கள். தனியார் மருத்துவமனையின் ஏட்டில் மாமா: தங்கிய நாட்கள் 6, ஆலோசனைக்கு மாறாக வெளியேறினார். அங்கே சாவு இல்லை. அரசு மருத்துவமனையின் ஏட்டில்: தங்கிய நாட்கள் 2, மரணம். ஒரே மனிதர், ஒரே நோய், ஒரே சாவு. இரண்டு ஏட்டையும் பக்கத்தில் வைத்துப் படிப்பவர் எந்த மருத்துவமனையை நல்லது என்பார்? ‘அரசாஸ்பத்திரிக்குப் போனா பொணமாத்தான் வரணும்’ என்று டீக்கடையில் பேசுகிறார்களே, அந்தப் பேச்சு இப்படித்தான் உற்பத்தியாகிறது.

இந்தப் பொய்க் கணக்கை உடைக்க ஒரு கருவி இருக்கிறது. புதிதாக யாரும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறது. 1981இல் அமெரிக்காவில் ‘அப்பாச்சி’ என்ற பெயரில் ஒரு மதிப்பெண் முறை வந்தது. 1985இல் வந்த அதன் இரண்டாம் பதிப்புதான் இன்றும் உலகம் முழுக்கப் புழங்குகிறது. நோயாளி ஐசியூவுக்கு வந்த முதல் 24 மணி நேரத்தில் அவர் உடல் எவ்வளவு மோசமான நிலையைத் தொட்டது என்று 12 அளவுகளை எடுக்கிறார்கள். காய்ச்சல், ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன், ரத்தத்தின் அமிலத்தன்மை, சோடியம், பொட்டாசியம், கிரியேட்டினின், ரத்தச் சிவப்பணுக்களின் விகிதம், வெள்ளையணுக்கள், நினைவின் நிலை. ஒவ்வொன்றும் இயல்பிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அவ்வளவு மதிப்பெண். வயதுக்குக் கொஞ்சம், பழைய நாள்பட்ட நோய்களுக்குக் கொஞ்சம். மொத்தம் 71. மதிப்பெண் கூடக் கூட ஆபத்து கூடும். பள்ளிக்கூடத்து மார்க்குக்கு நேர் எதிர்.

1996இல் ‘சோஃபா’ என்ற இன்னொரு முறை வந்தது. நுரையீரல், ரத்தம் உறைதல், கல்லீரல், இதயமும் ரத்த ஓட்டமும், மூளை, சிறுநீரகம் என ஆறு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 24. இதைத் தினமும் போடலாம். நேற்று 11, இன்று 9 என்றால் உடல் மீள்கிறது. நேற்று 9, இன்று 12 என்றால் சரிகிறது. “நேத்தைக்கு இன்னிக்கு தேவலையா?” என்று அத்தை கேட்டாரே, அந்தக் கேள்விக்கு மருத்துவத்திடம் இருக்கிற விடை இது.

மாமா இறந்து சில மாதம் கழித்து, செவிலியராக இருக்கும் என் தோழி ஒருவரோடு உட்கார்ந்து அந்தக் கோப்பைப் பிரித்தேன். பில்லோடு தினசரி ரத்தப் பரிசோதனைத் தாள்கள் இருந்தன. கேஸ் ஷீட்டின் நகலும் இருந்தது. கிடைத்த அளவுகளை வைத்து அவர் கணக்குப் போட்டார். முதல் நாள் அப்பாச்சி 23. அந்த அளவில் இருப்பவர்களில் 100 பேருக்குச் சுமார் 40 பேர் இறக்கலாம் என்று அந்த முறை கணிக்கிறது. முதல் நாள் சோஃபா 11. நான்காம் நாள் 10. ஆறாம் நாள் 8.

தோழி பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. மாமா மெல்ல மெல்லத் தேறிக்கொண்டிருந்திருக்கிறார். எங்கள் காதில் விழுந்ததோ ஆறு நாளும் ஒரே ‘சீரியஸ்’. தேறுகிறார் என்று தெரிந்திருந்தால் இன்னும் யார் காலிலாவது விழுந்திருப்போம். அல்லது, மூன்றாம் நாளே அரசு மருத்துவமனையில் முறையாகச் சொல்லி வைத்து, பாதுகாப்பாக மாற்றியிருப்போம். பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. மதிப்பெண் ஒரு கூட்டத்தைப் பற்றிப் பேசும், ஒரு தனி மனிதரைப் பற்றி ஆரூடம் சொல்லாது. ஆனால் முடிவெடுக்க வேண்டியவர்கள் நாங்கள். முடிவெடுக்கத் தேவையான எண் எங்கள் பில்லுக்குப் பின்னாலேயே இருந்தது. அதை எங்களுக்குத் தமிழில் சொல்ல ஓர் ஆள் இல்லை.

‘சீரியஸ்’ என்ற சொல் யாருக்குப் பயன்படுகிறது என்று மதுரைக்கு நன்றாகவே தெரியும். 2019 மே 7ஆம் தேதி மாலை மதுரையில் சூறைக்காற்றோடு மழை பெய்தது. அரசு இராசாசி மருத்துவமனையில் மின்சாரம் நின்றது. மாற்று மின்சாரமும் நேரத்துக்கு வரவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டரில் இருந்த மூன்று பேர் அந்த மாலையில் இறந்தார்கள். எண்ணிக்கை ஐந்து என்றும் பின்னர் செய்திகள் வந்தன. மின்வெட்டுதான் காரணம் என்று உறவினர்கள் கதறினார்கள். வென்டிலேட்டர்களில் பேட்டரி இருந்தது, இறந்தவர்கள் ஏற்கெனவே கவலைக்கிடமாக இருந்தவர்கள் என்று நிர்வாகம் மறுத்தது. அதே ஆண்டு ஜனவரி 27ஆம் தேதிதான் பிரதமர் வந்து தோப்பூரில் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டிவிட்டுப் போயிருந்தார். தென்மாவட்டங்களின் உயிர்களைத் தாங்கி நின்றதோ பழைய பெரியாஸ்பத்திரிதான்.

‘ஏற்கெனவே கவலைக்கிடம்’ என்ற பதிலைக் கவனியுங்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். பொய்யாகவும் இருக்கலாம். உண்மையா பொய்யா என்று சோதிக்க முடியாத வடிவில் இருப்பதுதான் அதன் வசதி. இறந்தவர்களின் முந்தைய மூன்று நாள் மதிப்பெண் என்ன? ஏறிக்கொண்டிருந்ததா, இறங்கிக்கொண்டிருந்ததா? அன்று மாலை ஐந்து மணிக்கு அவர்கள் நிலை என்ன? நான் படித்த செய்திகள் எதிலும் அப்படி ஓர் எண்ணை யாரும் முன்வைத்ததாக இல்லை. எண் இருந்திருந்தால் ஒன்று நிர்வாகத்தின் பேச்சு நிரூபணமாகியிருக்கும், இல்லையென்றால் உடைந்திருக்கும். எண் இல்லாத இடத்தில் வெள்ளைக் கோட்டின் சொல்லுக்கும் கைலி கட்டியவரின் சொல்லுக்கும் நடக்கும் போட்டிதான் மிச்சம். அந்தப் போட்டியில் யார் ஜெயிப்பார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தனிக்கதைகளை விட்டு நாடு தழுவிய ஆய்வு ஒன்றுக்கு வருவோம். இந்தியத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கத்தின் சார்பில் 2010-11இல் 120 ஐசியூக்களில் ஓர் ஆய்வு நடந்தது. 2016இல் வெளியானது. அதில் கணக்கெடுத்தவர்கள் 4,038 நோயாளிகள். ஐசியூவுக்குள் இறந்தவர்கள் 546 பேர். இவர்களைத் தவிர இன்னும் 183 பேர், பிழைக்க மாட்டார்கள் என்ற நிலையில் ‘ஆலோசனைக்கு மாறாக’ அல்லது ‘கேட்டுக்கொண்டதன் பேரில்’ வெளியே போனவர்கள். ஆய்வாளர்கள் நேர்மையானவர்கள், அந்த 183 பேரையும் சாவுக் கணக்கில் சேர்த்தார்கள். மொத்தம் 729, அதாவது 18.1 சதவீதம். சேர்க்காமல் விட்டிருந்தால் நான்கு சாவில் ஒரு சாவு காணாமல் போயிருக்கும். எந்த மருத்துவமனையின் விளம்பரப் பலகையில் இந்த நான்காவது சாவு இருக்கிறது?

அந்த ஆய்வின் இன்னொரு முடிவு நமக்கு மிக முக்கியம். அப்பாச்சி, சோஃபா மதிப்பெண்களைக் கணக்கில் எடுத்த பிறகும், அதாவது இரண்டு பேருக்கு நோயின் தீவிரம் ஒன்றாக இருந்தாலும், சாவின் வாய்ப்பைத் தனியாகக் கூட்டியவை சில இருந்தன. அரசு மருத்துவமனை ஐசியூ. போதிய கருவிகள் இல்லாத ஐசியூ. சொந்தக் காசில் சிகிச்சை பெறுபவர். இந்த மூன்றில் எதுவும் கிருமி இல்லை.

நோய்க்குரிய பங்கை எடுத்து ஓரமாக வைத்த பிறகும் மிஞ்சுகிற சாவு யாருடையது என்று கேட்க வைப்பதுதான் மதிப்பெண்ணின் வேலை. ஒரு மருத்துவமனையில் நூற்றுக்கு முப்பது பேர் இறக்கிறார்கள், இன்னொன்றில் பத்துப் பேர். எது மோசம்? வந்தவர்கள் எவ்வளவு தீவிரமாக வந்தார்கள் என்று தெரியாமல் சொல்ல முடியாது. முதலாவதுக்கு நாற்பது பேர் இறக்கக்கூடிய கூட்டம் வந்திருக்கலாம், அதில் பத்துப் பேரை அது காப்பாற்றியிருக்கிறது. இரண்டாவதுக்கு ஐந்து பேர் இறக்கக்கூடிய கூட்டம் வந்திருக்கலாம், அது ஐந்து பேரைக் கூடுதலாகப் பறிகொடுத்திருக்கிறது. தனியார் கைவிட்ட உடல்களைத் தாங்குகிற அரசு மருத்துவமனைக்கு இந்தக் கணக்கு கேடயம். அதே நேரத்தில் அங்கே படுக்கைக்கும் செவிலியருக்கும் ஜெனரேட்டருக்கும் உள்ள பற்றாக்குறையை மறைக்க முடியாமல் செய்யும் கத்தியும் அதுவே.

அடுத்து, தங்கிய நாட்கள். பணக்கார நாடுகளில் ஐசியூவில் எத்தனை நாள் ஆகிறது என்பதை மருத்துவமனையின் திறமைக்கு அளவாக வைக்கிறார்கள். 2006இல் வந்த அப்பாச்சியின் நான்காம் பதிப்பு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களிலிருந்து, ஒருவர் எத்தனை நாள் ஐசியூவில் இருக்கக்கூடும் என்பதையும் கணித்துச் சொல்கிறது. சீக்கிரம் அனுப்பினால் நல்ல மருத்துவமனை என்று பொருள். நம் ஊரில் அந்தப் பொருள் அப்படியே பொருந்தாது. இங்கே குறைந்த நாட்களுக்கு மூன்று அர்த்தங்கள் உண்டு. ஒருவர் குணமாகிச் சீக்கிரம் போனார். ஒருவர் மிகத் தாமதமாக வந்து முதல் நாளே இறந்தார். ஒருவர் காசு தீர்ந்து போனார். மூன்றையும் கூட்டிச் சராசரி எடுத்து ‘எங்கள் ஐசியூவில் சராசரி நான்கு நாள்’ என்று சொன்னால் அது கணக்கே இல்லை. மதிப்பெண்ணும் வெளியேறிய காரணமும் பக்கத்தில் இல்லாத நாட்கணக்கு, நோயை அளப்பதில்லை. அது நோயாளியின் வீட்டில் இருந்த நகையை அளக்கிறது.

நீண்ட நாட்களுக்கும் இதே கதைதான். நோய் கடுமையாக இருந்ததால் நாள் கூடியதா, ஐசியூவுக்குள்ளேயே தொற்றிய கிருமியால் கூடியதா, பில் கூட வேண்டும் என்பதால் கூடியதா? மேலே சொன்ன ஆய்வில் 12.2 சதவீதம் பேருக்கு ஐசியூவில்தான் தொற்று வந்தது. தினசரி மதிப்பெண் இறங்கிய பிறகும் ஒருவரை உள்ளேயே வைத்திருந்தால், ஏன் என்று கேட்க நமக்கு ஒரு பிடி கிடைக்கும்.

சாதி ஒழிப்பு பேசுகிற நமக்கு நாட்கணக்கு இன்னொரு வகையிலும் அந்நியமானதில்லை. வன்கொடுமை வழக்கில் அடிபட்டவர் மருத்துவமனையில் கிடக்கும்போது, காயம் சாதாரணமா, கொடுங்காயமா என்ற கேள்வி வருகிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 320ஆவது பிரிவு கொடுங்காயத்தை எட்டு வகையாகச் சொன்னது. கடைசி வகை: உயிருக்கு ஆபத்து விளைவித்த காயம், அல்லது பாதிக்கப்பட்டவரை 20 நாள் கடும் வேதனையிலோ அன்றாட வேலை செய்ய முடியாமலோ வைத்த காயம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 116ஆவது பிரிவு அதை 15 நாளாக்கியிருக்கிறது. மருத்துவமனையில் இருந்த நாட்கள் மட்டுமே இதற்குச் சான்று ஆகிவிடாது. ஆனாலும் வழக்குக் கட்டில் முதலில் புரட்டப்படும் தாள் டிஸ்சார்ஜ் சம்மரிதான். மண்டை உடைந்து வந்தவரை ஐந்தாம் நாள் ‘நல்லாத்தானே இருக்கீங்க, வீட்டுக்குப் போங்க’ என்று அனுப்பினால், அவர் வீட்டில் பாயில் கிடந்து துடித்த நாட்களுக்குச் சாட்சி யார்? வந்த அன்று நினைவின் நிலை எத்தனை, ரத்த அழுத்தம் எத்தனை, மூச்சுக் கருவி தேவைப்பட்டதா என்று எண்ணில் எழுதிய தாள் இருந்தால், அது ஊர்ப் பெரிய மனிதர் யார் பேச்சுக்கும் மாறாது.

எண்ணைக் கொண்டாடிவிட்டு அதன் குறைகளைச் சொல்லாமல் விடுவது நம் வேலை இல்லை. இந்த அளவுகோல்களுக்கும் கண் பார்வைக் கோளாறு உண்டு.

முதலாவது, அப்பாச்சியின் கடிகாரம் ஐசியூ வாசலில்தான் ஓடத் தொடங்குகிறது. மாமாவின் முதல் நாள் மதிப்பெண் 23 என்றேன். அதில் கிருமியின் பங்கு எவ்வளவு, கூலி போய்விடும் என்று நடவுக்குப் போன நான்காம் நாளின் பங்கு எவ்வளவு, நள்ளிரவில் படுக்கை தேடி அலைந்த நேரத்தின் பங்கு எவ்வளவு? மதிப்பெண் அதைப் பிரித்துச் சொல்லாது. தாமதமாக வந்ததை ‘நோய் கடுமை’ என்று அது எழுதிவிடும். சாவுக்கு முன்கூட்டியே ஒரு நியாயம் தயாராகிவிடும்.

இரண்டாவது, அளக்காத அளவை இயல்பானது என்று எடுத்துக்கொள்வது பொது வழக்கம். ரத்த வாயுப் பரிசோதனை இல்லாத மருத்துவமனையில் அந்தக் கட்டத்துக்குச் சுழியம் விழும். வசதியற்ற மருத்துவமனையின் நோயாளி ஆரோக்கியமானவராகத் தெரிவார். பரிசோதிக்கப்படாத நோய் இல்லாத நோயாகிவிடும்.

மூன்றாவது, கருவிக்கும் நிறம் தெரியும். கொரோனா காலத்தில் விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் நினைவிருக்கிறதா? 94க்குக் கீழே போனால் ஆபத்து என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, அந்தக் கருவி ‘நன்றாக இருக்கிறது’ என்று காட்டிய நேரத்தில் உண்மையில் ஆக்சிஜன் குறைந்திருந்த நிகழ்வு வெள்ளையரிடம் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரிடம் 11.7 சதவீதம் என்று காட்டியது. தோலின் கருமை ஒளியை ஏமாற்றுகிறது. ரத்தம் எடுத்துச் சோதிக்க வசதியில்லாத இடத்தில் இந்தக் கருவியை மட்டும் நம்பி மதிப்பெண் போட்டால், வெயிலில் கருத்த நம் ஆட்களின் மூச்சுத்திணறல் கணக்கில் குறைந்தே தெரியும்.

நான்காவது, அப்பாச்சியின் இரண்டாம் பதிப்பு அமெரிக்காவின் 13 மருத்துவமனை நோயாளிகளை வைத்துச் செய்தது. உண்ணிக் காய்ச்சலும் பாம்புக்கடியும் பூச்சிமருந்தும் அங்கே எத்தனை பேருக்கு? இதற்கு வழி இல்லாமல் இல்லை. இலங்கையின் பேராதனையில் 1993இலேயே பூச்சிமருந்து நஞ்சுக்கென்று ஓர் அளவுகோல் செய்தார்கள். கண்மணியின் அளவு, மூச்சு, நாடி, தசைத் துடிப்பு, நினைவு, வலிப்பு. பரிசோதனைக் கூடம் தேவையில்லை, கண்ணும் கையும் கடிகாரமும் போதும். இந்தியா, வங்கதேசம், நேபாள ஐசியூக்களின் விவரங்களைக் கொண்டு எளிய மதிப்பெண் முறை ஒன்றும் வந்திருக்கிறது. நம் உடல்களுக்கான அளவுகோலை நாமே செய்ய முடியும். அதற்கு முதலில் நம் உடல்களைப் பதிவு செய்ய வேண்டும்.

“ஐசியூவிலுமா சாதி பார்க்கிறீர்கள்?” என்று யாராவது கேட்பார்கள். கேட்கட்டும். படுக்கை ஓரத்தில் யாருடைய சாதியையும் கேட்கக் கூடாது. ஆண்டு முடிவில் ஆட்களின் பெயர் நீக்கிய மொத்தக் கணக்கில் சமூகப் பிரிவு இருக்க வேண்டும் என்கிறோம். 2022இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவின் ஒன்பது மாநிலங்களில் ஆதிக்க சாதி இந்துக்களைவிடத் தலித்துகளின் ஆயுள் மூன்று ஆண்டுக்கு மேலும், ஆதிவாசிகளின் ஆயுள் நான்கு ஆண்டுக்கு மேலும் குறைவு என்று கண்டது. வசதியில் உள்ள வேறுபாடு அந்த இடைவெளியில் பாதியைக்கூட விளக்கவில்லை. அந்த ஒன்பதில் தமிழ்நாடு இல்லை. நம் மாநிலத்தில் ஒரே மதிப்பெண்ணோடு ஐசியூவுக்குள் போகும் ஒரு தலித் பெண்ணும் ஓர் ஆதிக்க சாதிப் பெண்ணும் ஒரே அளவில் உயிரோடு திரும்புகிறார்களா? ஒரே அளவு என்று விடை வந்தால் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வோம். மேலே சொன்ன ஐசியூ ஆய்வில் பணம் யார் கட்டுகிறார் என்ற விவரம் இருந்தது. நான் பார்த்த அதன் முடிவுகளில் சாதி பற்றி ஒரு வரி இல்லை.

எண்ணிக் காட்டுவது நம் மரபில் புதிதல்ல. 1916 டிசம்பரில் வெளியான பார்ப்பனரல்லாதார் அறிக்கை, அரசுப் பதவிகளில் யார் எத்தனை பேர் என்று எண்களை அடுக்கித்தான் பேசியது. எண்கள் வெளியே வந்தபிறகுதான் ‘திறமை’ என்ற சொல் கூண்டில் ஏறியது. இன்று கூண்டில் ஏற்ற வேண்டிய சொல் ‘சீரியஸ்’.

தமிழ்நாட்டில் இதற்கு அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. அரசு மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் வருபவர்களின் தீவிரத்தைப் பார்த்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறார்கள். வாசலில் நிறமாக இருப்பது உள்ளே போனதும் எண்ணாகத் தொடர வேண்டும், அவ்வளவுதான். 2024 தொடக்கத்தில் ஒன்றிய சுகாதாரத் துறையும் யாரை ஐசியூவில் சேர்ப்பது, எப்போது வெளியே அனுப்புவது என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. வழிகாட்டுதலுக்குப் பல் வேண்டும். நாம் கேட்க வேண்டியவை இவை.

அரசோ தனியாரோ, ஒவ்வொரு ஐசியூவிலும் முதல் நாள் தீவிர மதிப்பெண்ணும் தினசரி மதிப்பெண்ணும் எழுதப்பட வேண்டும். அதைக் குடும்பத்துக்குத் தமிழில், ஏறுகிறதா இறங்குகிறதா என்று புரியும்படி தினமும் சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் அது அச்சாக வேண்டும். இடையில் வெளியேறுபவர் ஒவ்வொருவருக்கும் காரணம் பதிவாக வேண்டும்: பணமா, இடமாற்றமா, விருப்பமா. 30 நாள் கழித்து அவர் உயிரோடு இருக்கிறாரா என்று பார்த்து, அனுப்பிய மருத்துவமனையின் கணக்கிலும் சேர்க்க வேண்டும். முதல் காய்ச்சலிலிருந்து ஐசியூ படுக்கை கிடைக்கும்வரை ஆன நேரமும் பதிவில் இருக்க வேண்டும். தீவிரத்தைக் கணக்கில் கொண்ட இறப்பு விகிதத்தையும் தங்கிய நாட்களையும், சமூகப் பிரிவு வாரியாக, மருத்துவமனை வாரியாக, ஆண்டுதோறும் அரசு வெளியிட வேண்டும். இந்த எண்ணைக் காட்டி, பிழைக்க வாய்ப்புக் குறைவு என்று யாருக்கும் படுக்கை மறுக்கக் கூடாது. கூட்டத்தை அளக்கச் செய்த கோலால் ஒரு தனி உயிரைத் தள்ளிவிட அனுமதிக்க முடியாது.

இதை மருத்துவர்களுக்கு எதிரான கோரிக்கையாக யாரும் திரிக்க வேண்டாம். மாமாவின் கடைசி இரவில் ஒரே செவிலியர் எத்தனை படுக்கைகளுக்கு ஓடினார் என்று என் கண்ணால் பார்த்தேன். அவர் ஓடியதும் எந்தக் கணக்கிலும் இல்லை. வந்தவர்களின் தீவிரம் எண்ணாக எழுதப்பட்டால், இத்தனை கடுமையான நோயாளிகளுக்கு இத்தனை செவிலியர் போதாது என்று கேட்க அவருக்கும் ஒரு தாள் கிடைக்கும்.

அத்தை கைநாட்டு வைத்த அந்தத் தாளின் நகல் இன்னும் அவருடைய ட்ரங்குப் பெட்டியில் இருக்கிறது. ‘சொந்த விருப்பத்தின் பேரில்’ என்ற சொற்கள் அதில் ஏற்கெனவே அச்சாகியிருக்கின்றன. நிரப்ப வேண்டிய இடம் பெயருக்கும் தேதிக்கும் மட்டும்தான். காரணம் எழுத ஒரு கோடுகூடக் கிடையாது. தோழர்களே, அந்த ஒரு கோட்டைப் போட வைப்பதிலிருந்து தொடங்குவோம்.